இடியனுக்கு எந்த எடைக் குண்டு? – அனுபவப் பகிர்வு

வடமராட்சியான்:
ஒன்ராறியோவில இருக்கிற மருமகன் இந்த முறை இடியன் (குழல்வாயால மருந்தும் குண்டும் இடிச்சு நிரப்புற துவக்கு) சீசனில மானுக்குப் போகப் போறார். துவக்கு .50, அதாவது குழலின்ர உள்விட்டம் அரை அங்குலம். கடையில 177 கிறெயின் (குண்டின்ர எடை அளவு) உருண்டையில இருந்து 370 கிறெயின் நீட்டுக் குண்டு வரைக்கும் கிடக்காம். எந்த எடை எடுக்கிறது? பழக்கமான ஆக்கள் விவரமாச் சொல்லுங்கோ.

தென்மராட்சி:
அண்ணை, எடையைப் பிறகு பாப்பம். முதல்ல குழலின்ர முறுக்கை, அதாவது உள்ளுக்கு வெட்டின சுருள் தவாளிப்பு (புரி) எவ்வளவு கெதியாச் சுத்துது எண்டதைக் கேளுங்கோ. அநேகமா குழலிலயோ கையேட்டிலயோ 1:28, 1:48, 1:66 எண்டு இருக்கும். 1:48 எண்டால் 48 அங்குலம் ஓடுறதுக்குள்ள குண்டு ஒரு சுத்துச் சுத்தும். விட்டம் மாறாமல் எடை கூடினால் குண்டு நீளும். நீண்ட குண்டு தலைகீழாப் புரளாமல் போக வேகமான சுத்து வேணும். அதால எந்த எடை எண்டதை மானுக்கு முதல் குழல் தீர்மானிக்குது.

கிறீன்ஹில் எண்ட பழைய சூத்திரம் இதுக்கு நல்ல வழிகாட்டி. விட்டத்தின்ர வர்க்கத்தை 150ஆல பெருக்கி முறுக்கு எண்ணால (28, 48, 66) பிரியுங்கோ. குழல் தாங்குற குண்டு நீளம் அங்குலத்தில வரும். .50க்கு 1:66 எண்டால் 0.57, 1:48 எண்டால் 0.78, 1:28 எண்டால் 1.34. உருண்டைக்கு நீளமும் விட்டமும் ஒண்டுதான், 0.49. அதாலதான் 1:66 குழல் உருண்டைக்கெண்டே வெட்டினது. அதுக்குள்ள 370 கிறெயின் நீட்டுக் குண்டைப் போட்டால் கடதாசியில வட்ட ஓட்டை விழாது, பக்கவாட்டில கிழிஞ்ச நீட்டு ஓட்டைதான் விழும். குண்டு புரண்டு போயிருக்கு எண்டதுக்கு அதுதான் சாட்சி.

1:28 குழலில உருண்டை போடலாம், ஆனால் வெடிமருந்தைக் குறைக்க வேணும். கூட்டினால் உருண்டையைச் சுத்தி வைக்கிற சீலை புரியைப் பிடிக்காமல் வழுக்கும், குறி சிதறும்.

தீவான்:
மேல சொன்னது சரி. இப்ப வாற இன்லைன் (பத்தவைக்கிற இடம் குழலுக்கு நேர் பின்னால இருக்கிற) துவக்குகள் பெரும்பாலும் 1:28. மருமகன்ரையும் அப்பிடியெண்டால் பிளாஸ்ரிக் சட்டை போட்ட 250 கிறெயின் குண்டில தொடங்கச் சொல்லுங்கோ. சட்டைக்குள்ள இருக்கிறது .452 விட்டக் குண்டு, கணக்கை அந்த விட்டத்துக்குத்தான் போட வேணும். 1:28க்கு 1.09 அங்குலம் வரும், 250க்கும் 300க்கும் காணும். 1:48க்கு 0.64தான் வரும், 250 கிறெயின் குண்டே பொதுவா அதைவிட நீளம். 1:48 வைச்சிருக்கிற ஆக்கள் உருண்டை அல்லது கட்டையான ஈயக் குண்டோட நிக்கிறது நல்லது.

வெள்ளைவால் மானுக்கு 250 தாராளம். அதே மருந்துக்கு 300 போட்டால் வேகம் குறையும், தூரத்தில கூடத் தாழும், தோளிலயும் கூட இடிக்கும். இடிக்குப் பயந்து விசையை இழுக்கிறவன்ர குறி தவறும். அந்தப் பெரிய மூஸ் மரைக்குத்தான் பாரமான குண்டு உண்மையிலேயே தேவை.

உருண்டையைக் குறைச்சு நினையாதேங்கோ. ஆனால் காத்து அதைக் கெதியாப் பிடிச்சு நிப்பாட்டும். 100 கெசத்துக்குள்ள வேகத்தில மூண்டிலொண்டுக்கு மேல போயிடும், அடிக்கிற பலம் பாதிக்கும் கீழ இறங்கும். 177 கிறெயின் உருண்டையோட 75 கெசத்துக்கு அங்கால மானுக்குச் சுடவேண்டாம். காயப்பட்டு ஓடுற மிருகத்தின்ர வேதனைக்கு ஒரு சாட்டும் சொல்லேலாது.

வலிகாமத்தான்:
குண்டை வீட்டில வார்க்கிற ஆக்களுக்கு. உருண்டைக்கும் புரியில பிடிக்கிற நீட்டுக் குண்டுக்கும் சுத்த ஈயம்தான் வேணும். நகத்தால கீறினால் தடம் விழ வேணும். காரில் சில்லுக்குப் போடுற எடைக்கட்டியில அன்ரிமனி கலந்திருக்கு. அதே அச்சில வார்த்தால் விட்டம் கூடும், எடை குறையும், குழலுக்குள்ள இறக்கிறதும் பாடு. வார்த்ததை ஒவ்வொண்டா நிறுங்கோ. .490 உருண்டை 177 கிறெயின், 11.5 கிறாம் அளவில இருக்க வேணும். .530 எண்டால் 224. மற்றதுகளைவிட ரெண்டு மூண்டு கிறெயின் குறைஞ்சதுக்கு உள்ளுக்குக் காத்துக்குமிழி இருக்கும், திருப்பி உருக்குங்கோ. வார்த்த காம்பு வெட்டின தழும்பு இறக்கேக்க மேல் பக்கம் நடுவில இருக்க வேணும்.

கன பேர் குழம்புற இடம் இன்னொண்டு. குண்டுக்குச் சொல்லுற கிறெயின், தராசில நிறுக்கிற எடை. கருமருந்துக்குச் சொல்லுற கிறெயின், அளவுக் குழாயில எடுக்கிற கொள்ளளவு. கருமருந்துக்குப் பதிலாப் பாவிக்கிற மாற்று மருந்துகளைத் தராசில நிறுத்துப் போட்டால் ஆபத்தான அளவு வரலாம். துவக்குச் செய்தவை தந்த உச்ச அளவைத் தாண்டவே கூடாது. குண்டு பாரமாகினால் உச்ச அளவும் மாறும். புகையில்லா மருந்து வேண்டவே வேண்டாம், குழல் வெடிக்கும்.

தென்மராட்சி:
பரிசோதிக்கேக்க ஒரு நேரத்தில ஒண்டைத்தான் மாத்த வேணும். 50 கெசத்தில மூண்டு மூண்டு வெடி, ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் ஈரச் சீலையால ஒருக்காத் துடையுங்கோ. உருண்டை எண்டால் பறந்து விழுந்த சீலையை எடுத்துப் பாருங்கோ. நடுவில எரிஞ்சிருந்தால் சீலை மெல்லிசு அல்லது கொழுப்புக் காணாது. ஓரத்தில வட்டமா வெட்டுப்பட்டிருந்தால் குழல்வாயில புரி கூர்.

இடிக்கிற கம்பியில வெறும் குழலுக்கு ஒரு கோடு, மருந்தும் குண்டும் இறங்கினாப் பிறகு ஒரு கோடு போட்டு வையுங்கோ. குண்டு மாறினால் ரெண்டாவது கோடும் மாறும். குண்டு மருந்தில முட்டாமல் இடையில நிண்டால் குழல் வீங்கும், சிலவேளை பிளக்கும். கோட்டைப் பாக்காமல் கேப்பை (மருந்தைப் பத்தவைக்கிற சின்ன மூடி) வைக்கக் கூடாது.

வடமராட்சியான்:
நன்றி எல்லாருக்கும். இஞ்ச வன்னிப் பக்கம் இருக்கிற இடியனுக்கும் இந்தக் கணக்குப் பொருந்துமோ?

வலிகாமத்தான்:
அதுகள் அநேகமாப் புரி இல்லாத குழாய். சுத்தே இல்லாததால நீட்டுக் குண்டு எந்த எடையில போட்டாலும் புரளும். அதோட இஞ்ச இலங்கையில மானும் மரையும் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்துக்குள்ள பாதுகாக்கப்பட்ட மிருகங்கள், சுடேலாது. மருமகனைக் குழலின்ர முறுக்கைப் பாத்து எழுதச் சொல்லுங்கோ, மிச்சத்தை அதை வைச்சுப் பாப்பம்.