திருச்சி – பலாலி: வான்வழித் தொலைவு எவ்வளவு, ஒரு மணி நேரம் ஏன்?

உறையூரான் (கேள்வி):
உறவினர் திருமணத்துக்காக வயதான பெற்றோரை அழைத்துக்கொண்டு திருச்சியிலிருந்து விமானத்தில் யாழ்ப்பாணம் (பலாலி விமான நிலையம்) செல்ல இருக்கிறேன். இரு விமான நிலையங்களுக்கும் இடையிலான தொலைவை ஓர் இணையதளம் 99 என்றும் மற்றொன்று 184 என்றும் காட்டுகின்றன. எது சரி? இவ்வளவு அருகில் உள்ள ஊருக்குக் கால அட்டவணையில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் குறித்திருக்கிறார்கள். இரு நாட்டு நேர வேறுபாடு அதில் சேர்ந்திருக்கிறதா?

கடல்மைல்:
இரண்டும் சரியே. 99 என்பது கடல்மைல், 184 என்பது கிலோமீட்டர். ஒரு கடல்மைல் 1.852 கிலோமீட்டர். நேர வேறுபாடு எதுவும் இல்லை. இலங்கை 2006 ஏப்ரலில் மீண்டும் இந்திய நேரத்துக்கே திரும்பிவிட்டது; அதற்கு முந்தைய பயணக் குறிப்புகளில் காணும் அரை மணி நேர வேறுபாட்டை இப்போது கணக்கில் கொள்ள வேண்டாம்.

வானோடி:
தொலைவை நீங்களே சரிபார்க்கலாம். திருச்சியைவிடப் பலாலி ஏறத்தாழ 108 கிலோமீட்டர் தெற்கிலும் 149 கிலோமீட்டர் கிழக்கிலும் இருக்கிறது. செங்கோண முக்கோணத்தின் கர்ணமாகக் கணக்கிட்டால் 184 கிடைத்துவிடும்.

நேரத்தின் கதை வேறு. இத்தடத்தில் பறக்கும் ஏ.டி.ஆர். 72 என்ற சுழலி (புரொப்பெல்லர்) விமானம் மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர் வேகத்தில் செல்லக்கூடியது என்பதால், வெறும் வகுத்தல் கணக்கில் 22 நிமிடங்கள்தான் வரும். ஆனால் அந்த வேகம் மேலே சமநிலையில் பறக்கும்போது மட்டுமே கிட்டுவது. ஏறும்போது வேகம் வெகுவாகக் குறைவு, இறங்கும்போதும் ஓடுபாதைக்கு நேராக வருவதற்குச் சுற்றி வளைய வேண்டியிருக்கும். அட்டவணை நேரமோ விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகரும் கணத்திலிருந்து மறுமுனையில் நிற்கும் கணம் வரை எண்ணப்படுவது. தாமதத்துக்கான சிறு ஒதுக்கீடும் அதில் அடங்கும். சென்னையிலிருந்து பலாலி சுமார் 355 கிலோமீட்டர், ஏறக்குறைய இருமடங்கு. இருந்தும் அட்டவணையில் ஒன்றேகால் மணி நேரம் அளவில்தான் இருக்கும். குறுந்தொலைவுப் பயணங்களில் கிலோமீட்டரை வைத்து நேரத்தை ஊகிப்பது பயனற்றது என்பதே என் கருத்து.

வலிகாமத்தான்:
மேலே சொன்னவற்றுடன் ஒன்றைச் சேர்க்கிறேன். ஜெட் விமானம் விட்டால் விரைவாக வரலாமே என்று பலர் கேட்பதுண்டு. பலாலியில் பயன்பாட்டில் உள்ள ஓடுபாதை சுமார் 1,400 மீட்டர்தான். ஆகவே 2019 நவம்பரில் சென்னைச் சேவை தொடங்கியபோதும், 2025 மார்ச் 30 அன்று திருச்சிச் சேவை தொடங்கியபோதும் ஏ.டி.ஆர். விமானமே வந்தது. ஜெட் வந்தாலும் இந்தத் தொலைவில் சில நிமிடங்களே மிஞ்சும்.

பெற்றோருடன் வருவதால் வானத்து நேரத்தைவிடத் தரை நேரத்தையே கவனியுங்கள். பறப்பது குறுகிய தொலைவாயினும் இது பன்னாட்டுப் பயணம். கடவுச்சீட்டு, விசா, குடிவரவுச் சோதனை எல்லாம் உண்டு. திருச்சி நிலையத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாகவே வந்துவிடுவது நல்லது; சக்கர நாற்காலி தேவைப்பட்டால் பயணச்சீட்டு எடுக்கும்போதே பதிவு செய்துவிடுங்கள். பலாலியிலிருந்து யாழ்ப்பாண நகருக்கு இன்னும் பதினாறு கிலோமீட்டர் அளவில் சாலைப் பயணம் இருக்கிறது.

உறையூரான்:
நன்றி. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில் செல்லலாமா என்றும் வீட்டில் ஒரு பேச்சு இருந்தது.

வலிகாமத்தான்:
கடலில் மட்டும் நான்கு மணி நேரம் அளவில் ஆகும், அதற்கு முன் திருச்சியிலிருந்து நாகப்பட்டினம் வரை சாலைப் பயணம் வேறு. அதிகப் பொதிகளுடன் வரும் இளையோருக்கு அது ஏற்றது. உங்கள் பெற்றோருக்கு விமானத்தையே பரிந்துரைப்பேன்.