இங்கிலாந்துக் கிராமத்தில் பழைய வீடு வாங்குவது குறித்து

கேள்வி (காவேரிப்பட்டணம்):
லண்டனில் வேலை பார்க்கும் என் மகனும் மருமகளும் கென்ட் பகுதிக் கிராமம் ஒன்றில், 17ஆம் நூற்றாண்டில் மரச்சட்டம் நாட்டிக் கட்டிய வீட்டை வாங்க விரும்புகிறார்கள். இரயில் நிலையம் நடக்கும் தொலைவில் இருப்பதால் தினமும் லண்டன் போய்வர முடியும் என்கிறார்கள். முன்பணத்தில் ஒரு பகுதியை மாந்தோப்பை விற்று நான் தருவதாக இருக்கிறேன். அந்த வீடு அரசின் பாதுகாப்புப் பட்டியலில் இரண்டாம் தரத்தில் உள்ளதாம். பின்னாளில் இதனால் தொல்லை வருமா?

பதில் (ஓசூர்):
ஐயா, அங்கே சில ஆண்டுகள் குடியிருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பட்டியலில் உள்ள கட்டடங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் இரண்டாம் தரம்தான். அதற்காக அஞ்ச வேண்டாம். ஆனால் வீட்டின் தன்மையை மாற்றும் எந்த வேலைக்கும், உள்ளே இருக்கும் மாடிப்படிக்கும் கதவுக்கும்கூட, உள்ளாட்சி மன்றத்தின் இசைவு வேண்டும். இசைவின்றிச் செய்வது 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முந்தைய உரிமையாளர் இசைவில்லாமல் சன்னலை மாற்றியிருந்தால், அதைச் சரிசெய்யும்படி இன்றைய உரிமையாளருக்கே அறிவிப்பு வரலாம். அதற்குக் காலவரம்பும் கிடையாது. ஆகவே, செய்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் இசைவுக் கடிதம் உண்டா என்று வழக்கறிஞர் மூலம் கேட்கச் சொல்லுங்கள்.

பதில் (தருமபுரி):
பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். நம் பக்கத்துச் சுண்ணாம்புக் காரை வீடுகளுக்கு நான் சொல்வதே அந்த வீட்டுக்கும் பொருந்தும்: சுவரில் சிமெண்டுப் பூச்சு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். சிமெண்டு உள்ளேயே அடைத்துவிடும், அந்த ஈரத்தில் மரச்சட்டம், குறிப்பாகத் தரையோடு ஒட்டிய அடிக்கட்டை, மெல்ல உளுத்துப்போகும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. கடன் தரும் வங்கி செய்யும் மதிப்பீடு வங்கிக்கானது. அதை நம்பி இருக்க வேண்டாம். மூன்றாம் நிலை ஆய்வு எனப்படும் முழுமையான கட்டட ஆய்வை, பழைய மரச்சட்ட வீடுகளில் பழக்கமுள்ளவரைக் கொண்டு செய்யட்டும். செலவு கூடுதல்தான், ஆனாலும் இதில் சிக்கனம் கூடவே கூடாது.

பதில் (கிருஷ்ணகிரி, தணிக்கையாளர்):
பணம் அனுப்புவதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ரிசர்வ் வங்கி விதிப்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் 2.5 இலட்சம் டாலர் வரை அனுப்பலாம். 10 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு வங்கி 20 விழுக்காடு வரி பிடிக்கும். அதை வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்துகொள்ளலாம் என்றாலும், அதுவரை கையில் அவ்வளவு பணம் வேண்டும். தொகை எப்படி வந்தது என்று அங்குள்ள வழக்கறிஞர் கேட்பார் என்பதால், கிரயப் பத்திரத்தையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் ஆங்கில மொழிபெயர்ப்புடன் வைத்திருங்கள். இது கடனன்று, அன்பளிப்பு என்று நீங்கள் கையெழுத்திட்ட கடிதமும் கேட்பார்கள். அங்கே வாங்குபவரும் விற்பவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை ஒருவருக்கொருவர் பரிமாறும் வரை இரு தரப்பும் விலகலாம். பரிமாறும்போது பொதுவாக விலையில் 10 விழுக்காடு செலுத்த வேண்டியிருக்கும். அதற்கு முன்பே தோப்பின் கிரயம் முடிந்து பணம் போய்ச் சேரும்படி நாளைக் குறியுங்கள்.