அப்பாவுக்கு ஒரே ஒரு மேட்ச் காட்டணும், ரெஸில்மேனியா 40-ல எதைப் போடலாம்?

அரசலாறு_88:

வணக்கம் மக்களே. நமக்கு ஊரு வலங்கைமான் பக்கம். டிரம்ப் கார்டு வச்சு ஆடுன காலத்துலேர்ந்து நான் ரெஸ்லிங் பைத்தியம், ஆனா அப்பாவுக்கு அது ஆகவே ஆகாது. அவரு எங்க ஊரு கபடி டீம்ல ரெய்டு போன ஆளு, இப்பவும் பொங்கலுக்கு ராத்திரி மேட்ச் நடந்தா விடியுற வரைக்கும் நின்னு பார்த்துட்டுதான் வீட்டுக்கு வருவாரு. நான் டிவில ரெஸ்லிங் போட்டா போதும், "பேசி வச்சுக்கிட்டு ஆடுறானுவ, இதப் போயி கண்ணு முழிச்சுப் பாக்குறியே"ம்பாரு. அவருக்குப் பேரு தெரிஞ்ச ஒரே ஆளு அண்டர்டேக்கர்தான், "செத்துப் பொழைக்கிறவன்"னு சொல்லுவாரு.

போன வாரம் வரப்புல வழுக்கி விழுந்து கால்ல கட்டு போட்டிருக்கு, மூணு வாரம் எங்கயும் நகரக்கூடாது. நேத்து ராத்திரி அவராவே "சரி, அதுல நல்லதா ஒண்ணு போடு, ஒண்ணே ஒண்ணுதான்"னு கேட்டாரு. இத்தனை வருஷத்துல இப்பதான் கேட்டிருக்காரு, அதனால இதை வீணடிக்கக்கூடாதுன்னு நினைக்கிறேன்.

என் மனசுல இருக்குறது ரெஸில்மேனியா 40, WWE ரெஸ்லிங்ல வருஷா வருஷம் நடக்குற பெரிய ஷோ. 2024 ஏப்ரல்ல பிலடெல்பியாவுல ரெண்டு நாள் நடந்துச்சு, நமக்கு விடியக்காலை நாலரைக்கு ஆரம்பிக்கும், ரெண்டு நாளும் அலாரம் வச்சு எழுந்து பார்த்தேன். என் கணக்குல டாப் கோடி ரோட்ஸ் - ரோமன் ரெய்ன்ஸ், அடுத்தது சேமி ஜெயின் - குந்தர், மூணாவது பெய்லி - இயோ ஸ்கை. ஆனா கோடி மேட்சுக்கு நாலு வருஷக் கதை தெரியணும், அப்பாகிட்ட எங்கேர்ந்து ஆரம்பிக்கிறதுன்னே புரியல. நீங்கல்லாம் எப்படிப் பார்க்குறீங்க? மேட்ச் மேட்ச்சா சொன்னாலும் சரி.

மன்னை_மைந்தன்:

தம்பி, யோசிக்கவே வேணாம், சேமி - குந்தர் போடு.

முதல் நாள் ஷோவை வரிசையா எடுத்துக்குவோம். ரியா ரிப்லி - பெக்கி லிஞ்ச் ஆரம்பத்துக்கு நல்ல மேட்ச், ரெண்டு பேரும் குறை வைக்கல. ஏணி மேட்ச்ல, அதாவது மேல தொங்குற பெல்ட்டை ஏணி ஏறி எடுக்குறதுல, ஆறு டீம், ஏணிலேர்ந்து விழுறதும் எழுறதுமா கண்ணுக்கு விருந்து, அதுவும் ஆர்-ட்ரூத் பெல்ட்டைக் கையில எடுத்தப்ப அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு, ஆனா புதுசா பார்க்குறவருக்கு யாரு யாருன்னே பிடிபடாது. ஜே உசோ - ஜிம்மி உசோ எனக்குப் பெரிய ஏமாத்தம். கூடப் பொறந்த அண்ணன் தம்பி சண்டை, மாசக்கணக்கா கதை கட்டி வச்சிருந்தாங்க, ஆனா உள்ள வந்து மாத்தி மாத்தி தாடையில உதைக்கிற சூப்பர்கிக் குடுத்ததுதான் மிச்சம். 1994-ல ரெஸில்மேனியா 10-ல பிரெட் ஹார்ட் - ஓவன் ஹார்ட் மேட்ச் பார்த்திருந்தா தெரியும், தம்பி அண்ணனை எதுல எல்லாம் மிஞ்சணும்னு ஏங்குறானோ அது ஒவ்வொரு பிடியிலயும் தெரியும், கடைசில பிரெட் போட்ட பிடியை அப்படியே திருப்பி உக்காந்து ஓவன் பின் பண்ணுவான், அதாவது தோளைத் தரையில அமுக்கி மூணு எண்ண வைப்பான், அந்த மாதிரி ஒரு எடம் கூட உசோ மேட்ச்ல இல்ல.

கடைசி டேக் மேட்ச் ராக், ரோமன் ஒரு பக்கம், கோடி, செத் ரோலின்ஸ் இன்னொரு பக்கம். முக்கால் மணி நேரத்துக்குக் கிட்டக்க ஓடுச்சு, அரை மணி நேரத்துல முடிச்சிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும். அத்தனை வருஷம் கழிச்சு வந்தும் ராக் சோடை போகல, அதை ஒத்துக்கணும்.

இப்ப சேமி மேட்ச்சுக்கு வர்றேன். குந்தர் ஆஸ்திரியாக்காரன், 666 நாள் இன்டர்கான்டினென்டல் பெல்ட் வச்சிருந்தவன், ஹாங்கி டாங்க் மேனோட 454 நாள் ரெக்கார்டையே தாண்டுனவன். சேமி பார்க்க நம்ம தெருவுல இருக்குற ஆளு மாதிரி இருப்பான். அவன் பொண்டாட்டி முன் வரிசையில உக்காந்திருக்கு. குந்தர் அவனைத் தூக்கித் தரையில அடிக்கிற பவர்பாம் போட்டுட்டு அந்தப் பொண்ணைப் பார்த்துப் பேசுறான், இவன் எழுந்திரிக்கிறான், திரும்பப் போடுறான், திரும்ப எழுந்திரிக்கிறான். இதுக்கு முன்கதை எதுவும் வேணாம், பாஷை கூட வேணாம். குந்தர் அவசரமே படமாட்டான், கவனிச்சுப் பாரு, ஒவ்வொரு அடிக்கும் நடுவுல நின்னு மூச்சு விட எடம் குடுப்பான், அதனாலதான் சேமி திருப்பி அடிக்க ஆரம்பிச்சதும் ஸ்டேடியமே எழுந்து நிக்குது. ரிங்கு மூலையில இருக்குற டர்ன்பக்கிள் மேல தலைகீழாத் தூக்கிப் போடுற பிரெயின்பஸ்டர், அப்புறம் ஓடிவந்து மூஞ்சில உதைக்கிற ஹெல்லுவா கிக், முடிஞ்சுது. கபடி ஆடுனவருக்கு இதுதான் சரி.

ஐயாறு_பொண்ணு:

பெய்லி - இயோவை ஏன் எல்லாரும் மூணாவதுல வச்சுட்டுப் போறீங்கன்னு தெரியல. என்னைக் கேட்டா ரெண்டாவது நாள்ல மெயின் ஈவென்ட்டுக்கு அடுத்தது அதுதான்.

இயோ இருக்குற அந்த டேமேஜ் கன்ட்ரோல் கூட்டத்தை 2022-ல சேர்த்து வச்சதே பெய்லிதான், கடைசில அவளையே வெளியில தள்ளப் பார்க்குறாங்க, அவளுக்குப் புரியாதுன்னு நினைச்சு முன்னாடியே ஜப்பானீஸ்ல பேசிச் சிரிக்கிறாங்க, அவ எல்லாத்தையும் புரிஞ்சுக்கிட்டுத்தான் இத்தனை நாளா பேசாம இருந்திருக்கான்னு தெரியுற அந்த எடம் இருக்கே, நான் வேலை பார்க்குற எடத்துல இதே மாதிரி நடந்திருக்கு, பாஷைதான் வேற, அதனால எனக்கு அது ரொம்ப உள்ள போயிடுச்சு. மேட்ச்லயும் இயோ எவ்வளவு லேசா பறக்குறா, பின்பக்கமா குட்டிக்கரணம் அடிச்சு விழுற மூன்சால்ட் போடும்போது அவ உடம்புக்கு எடையே இல்லாத மாதிரி இருக்கும். பெய்லி அப்படிப் பறக்கமாட்டா, தரையில நின்னு அடி வாங்கி வாங்கித்தான் ஜெயிப்பா, அந்த வித்தியாசத்தை வச்சே முழு மேட்ச்சையும் கட்டியிருக்காங்க.

அதே நாள்ல ஆரம்பத்துல ட்ரூ மெக்கின்டயர் - செத் மேட்ச்சையும் சொல்லணும். ட்ரூ 2020-ல ஜெயிச்சப்ப கொரோனா, ஆளே இல்லாத ஹால்ல காலி நாற்காலிக்கு முன்னாடி பெல்ட்டைத் தூக்குனான். நாலு வருஷம் கழிச்சு ஜனங்க முன்னாடி தூக்குறான், அடுத்த அஞ்சாறு நிமிஷத்துல சிஎம் பங்க் வந்து அடிச்சு, டேமியன் ப்ரீஸ்ட், எப்ப வேணா சாம்பியன்கூட மோதலாம்ங்குற உரிமை இருக்குற ப்ரீஃப்கேஸோட ஓடிவந்து எல்லாம் போச்சு. மேட்ச் சின்னதுதான், ஆனா ட்ரூ மூஞ்சி மறக்கல.

அப்பாவுக்கு எதுன்னா, சரி, சேமி மேட்ச்சே போடுங்க. ஆனா ரெண்டாவது சான்ஸ் கிடைச்சா பெய்லிதான் சொல்லிட்டேன்.

மாயவரத்தான்_சிங்கை:

எல்லாரும் சேமி சேமின்னு சொல்றீங்க, நான் ஒத்துக்கமாட்டேன். கோடி - ரோமன்தான் காட்டணும், ஏன்னா அது அப்பன் மகன் கதை. சகோ, உங்க அப்பாகிட்ட நாலு வருஷக் கதை சொல்ல வேணாம், இதை மட்டும் சொல்லுங்க. கோடியோட அப்பா டஸ்டி ரோட்ஸ், பிளம்பர் வீட்டுப் புள்ளை, 1977-ல நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன்ல சூப்பர்ஸ்டார் பில்லி கிரஹாமை ஜெயிச்சும், எதிராளி எண்ணி முடிக்கிறதுக்குள்ள ரிங்குக்குத் திரும்பாத கவுன்ட்-அவுட்ங்குறதால பெல்ட் கைக்கு வரல, சாகுற வரைக்கும் அந்த பெல்ட் அவருக்குக் கிடைக்கல, 2015-ல போயிட்டாரு. மகன் அதை எடுத்துக் காட்டணும்னு கெளம்புறான். 2023-ல கிட்டக்க வந்து தோத்துட்டான், மறு வருஷம் திரும்ப வந்து 1316 நாள் சாம்பியனா இருந்த ரோமனைச் சாய்க்கிறான். இது புரியாத அப்பா நம்ம பக்கத்துல இருக்காரா?

மேட்ச்ல குறையே இல்லன்னு சொல்லல. கடைசிப் பத்து நிமிஷம் ஆளு மேல ஆளு வந்துக்கிட்டே இருந்தாங்க, ஜிம்மி, ஜே, சோலோ, ஜான் சீனா, ராக்னு. ஆனா செத் ரோலின்ஸ், முன்னாடி அவனும் ரோமனும் ஒண்ணா இருந்த ஷீல்டு கூட்டத்தோட பழைய டிரெஸ்ல வந்தது சும்மா இல்ல. 2014-ல செத் நாற்காலியால ரோமன் முதுகுல அடிச்சுத் துரோகம் பண்ணுனான், பத்து வருஷம் கழிச்சு ரோமன் கையில நாற்காலி இருக்கு, முன்னாடி கோடி, பின்னாடி செத், கோடியை அடிச்சா மேட்ச் கையில இருக்கும், அவன் திரும்பி செத்தை அடிக்கிறான். பழைய வன்மம் தீந்துச்சு, பெல்ட் போச்சு. அந்த ஒரு நொடிக்கு நான் இங்க ரூம்ல கத்துன கத்துல கூட இருக்குறவன் எழுந்திரிச்சுட்டான்.

அரசலாறு_88:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு பேரு எழுதுவீங்கன்னு எதிர்பார்க்கல. மன்னை அண்ணே, ஒண்ணு மட்டும் கேட்டுக்குறேன். அப்பா கண்டிப்பா "அடி விழுதா இல்லையா"ன்னு கேப்பாரு. பொய் சொல்ல மனசு வரல, என்ன சொல்லலாம்?

மன்னை_மைந்தன்:

உள்ளதைச் சொல்லு தம்பி. யாரு ஜெயிக்கணுங்குறது முன்னாடியே பேசி வச்சதுதான், அதை மறைக்காத. ஆனா ரிங்கு மெத்தை இல்ல. 20 அடிக்கு 20 அடி, அடியில இரும்பு உத்தரம், அதுக்கு மேல பலகை, அதுக்கு மேல கொஞ்சூண்டு ஃபோம், மேல கேன்வாஸ் துணி. அதுல முதுகு படுற மாதிரி விழணும், தாடையை நெஞ்சோட ஒட்டி வச்சுக்கணும், இல்லன்னா பின் மண்டை அடிபடும், கையை விரிச்சுத் தரையில தட்டுனா அடி ஒரே எடத்துல இறங்காம பரவும். நல்லா விழத் தெரிஞ்சவன் கூட தினம் வலியோடதான் இருப்பான். குந்தர் நெஞ்சுல போடுற சாப் இருக்கே, வெறுங்கையால அறையுறது, அதுல நடிப்பே கிடையாது. நெஞ்சைப் பார்க்கச் சொல்லு, தோல் செவந்து வரும்.

இன்னும் சந்தேகம்னா கூண்டுக்குள்ள நடந்த கோடியோட 2022 ஹெல் இன் எ செல் மேட்ச் படத்தைக் காட்டு. நெஞ்சுத் தசை கிழிஞ்சு, மார்லேர்ந்து கை வரைக்கும் பழுத்த கத்திரிக்கா நிறத்துல இருக்கு, அதோட வந்து ஆடுனான்.

பாபநாசத்தான்:

இந்தப் பக்கம் அதிகம் எழுதுறதில்ல, ஆனா "பேசி வச்சு ஆடுறானுவ"ங்குற வார்த்தையைப் பார்த்ததும் எழுதணும்னு தோணுச்சு. எனக்கு மேலட்டூர் பக்கம். எங்க ஊருல வருஷா வருஷம் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி பாகவத மேளா நடக்கும், வரதராஜப் பெருமாள் கோயில் முன்னாடி, பிரகலாத சரித்திரம். பொம்பளை வேஷமும் ஆம்பளைங்கதான் கட்டுவாங்க. இரணியன் சாகப் போறான்னு சின்னப் புள்ளைக்குக் கூடத் தெரியும். ஆனா ராத்திரி பூராவும் எல்லாரும் உக்காந்திருப்பாங்க, யாரும் எழுந்து போகமாட்டாங்க. நரசிம்மம் வேஷம் கட்டுறவரு விரதம் இருந்து அந்த முகத்தைப் போட்டதும் அவருக்கே ஆவேசம் வந்துடும், இரணியன் மேல பாயாம நாலஞ்சு பேரு சேர்ந்து பிடிச்சுக்கிட்டே நிப்பாங்க. நான் பத்து வயசுல தூணுக்குப் பின்னாடி நின்னு அந்தப் பிடிக்கிறவங்க கையைத்தான் பார்த்தேன், நரம்பு புடைச்சுக்கிட்டு இருந்துச்சு.

அங்க யாரும் முடிவைத் தெரிஞ்சுக்க வரல. அது எப்படி வருதுன்னு பார்க்கத்தான் வர்றாங்க. உங்க அப்பா மேலட்டூர் வந்திருந்தா இதைச் சொல்லிட்டு மேட்ச்சைப் போடுங்க.

ஐயாறு_பொண்ணு:

பாபநாசத்தான் சார், நீங்க அடிக்கடி எழுதணும். நான் இவ்வளவு பக்கத்துல இருந்தும் ஒரு தடவை கூட மேலட்டூர் வந்ததில்ல, இந்த வைகாசிக்குக் கண்டிப்பா வர்றேன்.

அரசலாறு_88:

நேத்து ராத்திரி போட்டேன் மக்களே. சேமி - குந்தர்.

அப்பா ஈசிசேர்ல உக்காந்து கட்டுப் போட்ட காலை முக்காலி மேல வச்சிருந்தாரு, வெத்தலைப் பெட்டி மடியில. அம்மா சும்மா வாசப்படியில வந்து நின்னுச்சு. மன்னை அண்ணன் சொன்னதை அப்படியே சொன்னேன், யாரு ஜெயிக்கணும்னு முன்னாடியே முடிவு பண்ணுனதுதான்ப்பான்னு. மேலட்டூர் பத்தியும் சொன்னேன், அவரு கல்யாணத்துக்கு முன்னாடி சைக்கிள்ல போயி பார்த்திருக்காராம், எனக்கே இதுவரைக்கும் தெரியாது.

முதல் சாப் விழுந்ததும் "இது நெசம்"னாரு. அப்புறம் பேசவே இல்ல. குந்தர் நடந்து நடந்து அடிக்கிறதைப் பார்த்துட்டு, "அவன் காலைப் பாரு, எங்கயும் பதறல, இவன்தான் ஆட்டக்காரன்"னாரு. அதுவரைக்கும் நான் ஒரு தடவை கூட குந்தர் காலைப் பார்த்ததில்ல. பவர்பாம் போட்டுட்டு சேமி பொண்டாட்டியைப் பார்த்துப் பேசுனான் பாருங்க, அப்ப அப்பா வெத்தலையில சுண்ணாம்பு தடவிக்கிட்டு இருந்தவரு விரலை அப்படியே நிறுத்திட்டாரு. அம்மா "அது நெசமாவே அவன் சம்சாரமா"ன்னு கேட்டுச்சு. ஆமாம்மான்னேன். ரெண்டாவது பவர்பாமுக்கு அப்புறம் அப்பா "எந்திரிடா"ன்னு மெதுவா, யாருக்கும் கேக்காத மாதிரி சொன்னாரு. எனக்குக் கேட்டுச்சு.

மூணு எண்ணி முடிச்சதும் அந்த வெத்தலையை அப்பதான் வாயில போட்டாரு. கொஞ்ச நேரம் கழிச்சு, "பெரியவன் அவ்வளவு நல்லா ஆடலேன்னா இந்தத் தாடிக்காரப் பய ஜெயிச்சதுல ஒண்ணும் இருந்திருக்காது"ன்னாரு. மன்னை அண்ணே, நீங்க மூச்சு விட எடம் குடுக்குறதுன்னு எழுதுனீங்களே, அதையேதான் அவரு அவர் வழியில சொல்றாருன்னு நினைக்கிறேன்.

ஞாயித்துக்கிழமை இன்னொண்ணு போடச் சொல்லியிருக்காரு. ஐயாறு அக்கா மன்னிக்கணும், மாயவரத்தான் சொன்ன டஸ்டி கதையை ஆரம்பிச்சு விட்டுட்டேன், அப்பா அதைக் கேட்டுட்டு "அந்தப் பய ஜெயிக்கிறானா"ன்னு கேட்டாரு, நான் பதில் சொல்லல. பெய்லி அடுத்த வாரம். கோடி மேட்ச்ல கடைசில ராக் நிக்கும்போது லைட்டு அணைஞ்சு மணி அடிக்குமே, அண்டர்டேக்கர் வர்றதையும் அவருகிட்ட சொல்லாமதான் வச்சிருக்கேன்.