புல்மோட்டை மண்ணில காந்தத்துக்கு ஒட்டுறது இரும்பா? மூலகமா சேர்வையா?

உவர்மலை அம்மா:
வணக்கம். மகள் பத்தாம் ஆண்டு, இப்ப விஞ்ஞானத்தில மூலகம் சேர்வை கலவை பாடம் போகுது. லீவுக்கு புல்மோட்டையில மாமி வீட்ட நிண்டநேரம் பழைய ஹார்ட் டிஸ்கில கழட்டின காந்தத்த பொலித்தீன் பையில சுத்தி கடற்கரை மண்ணுக்கு மேலால இழுத்துப் பாத்தவ, கறுப்புக் குறுணியா அப்பிடியே வந்து அப்பிட்டுது. இது இரும்பு, அதால மூலகம் எண்டு இவ சொல்லுறா, ஏ எல் படிக்கிற அண்ணன் இல்ல சேர்வை எண்டுறான். காந்தத்தால பிரிக்க ஏலுமெண்டா கலவைதானே, சேர்வை எங்கால வந்தது எண்டு அவ திருப்பிக் கேக்க எனக்கும் சொல்லத் தெரியேல்ல. இன்னொண்டு, நிலாவெளி உப்பளத்தில வெயிலை வச்சே உப்பைப் பிரிக்கினம், அந்த உப்பில இருந்து சோடியத்த மட்டும் ஏன் அப்பிடி எடுக்க ஏலாது? தெரிஞ்ச ஆக்கள் விளங்கப்படுத்துங்கோ.

மூதூர் சயன்ஸ்:
பிள்ளை கேட்டது நல்ல கேள்வி அக்கா. ரெண்டு பேரும் ரெண்டு வேற விசயத்தைப் பற்றிக் கதைக்கினம், அதுதான் சிக்கல். கடற்கரை மண் முழுக்க எடுத்தா அது கலவை, பல்லினக் கலவை. காந்தம் அந்தக் கலவையில இருந்து ஒரு வகைக் குறுணியைப் பிரிச்சுது, அவ்வளவுதான். பிரிஞ்சு வந்த குறுணியில கூடுதலா இருக்கிறது இல்மனைட், அது சேர்வை, FeTiO₃. இரும்பு, டைட்டேனியம், ஒட்சிசன் மூண்டும் 1:1:3 எண்ட அணு விகிதத்தில பிணைஞ்சு கிடக்கு. அதுக்குள்ள இருக்கிற இரும்புக்கு தனி இரும்பின்ர குணம் இல்ல. மகளிட்ட இதைக் கேளுங்கோ: அது இரும்புத்தூளா இருந்தா அந்த உப்புக்காத்துக்கும் அலைக்கும் எப்பவோ துருப்பிடிச்சு மண்ணிறமாகி இருக்கோணுமே, எப்பிடி இன்னும் கறுப்பா மினுங்குது?

காந்தம் இழுத்தா இரும்பு எண்டு முடிவெடுக்க ஏலாது. இல்மனைட்டை காந்தம் மெல்லமாத்தான் இழுக்கும், ஹார்ட் டிஸ்க் காந்தம் நல்ல பலம் எண்டபடியாத்தான் ஒட்டினது.

ஓ எல்லுக்கு வாற இரும்பு கந்தகம் பரிசோதனையும் இதேதான். 7 கிராம் இரும்புத்தூளும் 4 கிராம் கந்தகமும் சும்மா கலந்து வச்சா காந்தத்தால இரும்பை திருப்பி எடுக்கலாம், சூடாக்கினா இரும்புச் சல்பைட்டு, பிறகு காந்தம் வச்சு இரும்பைப் பிரிக்க ஏலாது. ஐதான ஐதரோகுளோரிக் அமிலம் விட்டா கலவையில ஐதரசன் வரும், சேர்வையில கூழ்முட்டை மணத்தோட ஐதரசன் சல்பைட்டு வரும். அது நச்சு வாயு, வீட்டில செய்யவே வேண்டாம், பள்ளிக்கூடத்து ஆய்வுகூடத்தில சேர் நிக்கேக்க மட்டும்.

கொக்கிளாய் றோட்:
இல்மனைட் மாதிரி பாரமான மண்ணுகளைப் பிரிக்கிற வேலையே ஒரு முழுப் பாடம்தான், பிள்ளைக்கு இதைச் சொல்லிக் குடுங்கோ. முதல்ல தண்ணி. வெள்ளைக் குவார்ட்ஸ் மண்ணின்ர அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 2.65 கிராம், இல்மனைட் 4.7 கிட்ட, அதால தண்ணியோட ஓட விட்டா லேசானது அள்ளுப்பட்டுப் போக பாரமானது நிண்டுடும். பிறகு காயவச்சு காந்தம், இல்மனைட் போயிடும். மிஞ்சிற ரூட்டைலும் (டைட்டேனியம் ஒட்சைட்டு) சிர்கோனும் (சேர்க்கோனியம் இருக்கிற கனிமம்) காந்தத்துக்கு வராது, பாரமும் கிட்டமுட்டத்தான், அப்ப என்ன செய்யிறது? உயர் வோல்ட்டு மின்சாரம். ரூட்டைல் மின்னைக் கடத்தும், சிர்கோன் கடத்தாது, சுத்துற உருளையில ரூட்டைல் எறிபட சிர்கோன் ஒட்டிக்கொண்டு கீழ போய் விழும். ஒரு இடத்திலயும் இரசாயன மாற்றம் இல்ல, கவனிச்சீங்களா?

இன்னொரு விசயம், சேர்க்கோனியம் எண்ட மூலகத்தை ஜேர்மன் இரசாயனவியலாளர் கிளாப்ரோத் 1789ல கண்டுபிடிச்சது இலங்கையில இருந்து போன சிர்கோன் கல்லை ஆராய்ஞ்சுதான். டைட்டேனியம் 1791ல இங்கிலாந்தில கிரெகர் கண்டது, அதுவும் காந்தத்துக்கு இழுபடுற கறுப்பு மண்ணிலதான். எங்கட பிள்ளையளுக்கு இதெல்லாம் கட்டாயம் தெரியோணும்.

உப்புவெளித் தம்பி:
அக்கா, உப்புக் கேள்விக்கு நான் வாறன். ஒரு லீற்றர் கடல் தண்ணியில உப்புகள் எல்லாமா ஏறத்தாழ 35 கிராம், ஆனா எல்லாம் கறிக்குப் போடுற உப்பில்ல. பாத்தி பாத்தியா தண்ணி வத்த வத்த முதல்ல கல்சியம் காபனேற்று, பிறகு ஜிப்சம் படியும், தண்ணி கிட்டத்தட்ட பத்தில ஒண்டாகேக்கதான் சோடியம் குளோரைட்டு பளிங்கா இறங்கும். முழுசா வத்த விடக்கூடாது, மிச்சத் தண்ணியில மக்னீசியம் உப்புகள் நிக்கும், அதைத் திறந்து விடாட்டி உப்பு கசக்கும், மழைநாளில கசிஞ்சு போத்தலுக்க கட்டியாகிடும்.

இவ்வளவும் தண்ணியும் உப்பும் கலந்திருந்ததைப் பிரிச்சதுதான். சோடியம் எண்டா பிணைப்பையே உடைக்கோணும், வெயில் காணாது. உப்பு உருக 801 பாகை வேணும், கல்சியம் குளோரைட்டு சேர்த்து அதை 600 கிட்டக் குறைச்சு, உருகினதுக்குள்ள மின்னை விட்டாத்தான் சோடியம் ஒரு பக்கம் குளோரீன் மற்றப் பக்கம். உப்புத்தண்ணிக்குள்ள மின்னை விட்டா சோடியம் வராது, ஐதரசன்தான் வரும்.

உவர்மலை அம்மா:
எல்லாருக்கும் நன்றி. வாசிச்சுப் போட்டு இப்ப அடுத்தது கேக்கிறா, உப்பளத்தில தண்ணி காத்தோட போகுதே, தண்ணியையும் பிடிக்கோணுமெண்டா?

மூதூர் சயன்ஸ்:
காய்ச்சி வடிக்கோணும் தங்கச்சி. கேத்தில்ல கொஞ்சம் உப்புத்தண்ணி கொதிக்கேக்க வாற ஆவியில ஒரு குளிர்ந்த கோப்பையைப் பிடி, அம்மா பக்கத்தில நிக்கோணும், கை சுடும். கோப்பையில வழியிற துளியை ஆறவிட்டு நாக்கில வச்சுப் பார், உப்பு இருக்காது.