மறு: ‘ஸ்பைலிங்’ – ‘விளிம்பொற்றல்’ என்று வைக்கலாமா?

அண்ணாச்சிக்கும் அக்காவுக்கும் மற்ற எல்லாருக்கும் வணக்கம்.

மாதிரிக் கப்பல் கட்டுகிற நம் சொற்பட்டியலில் ‘ஸ்பைலிங்’குக்கு, அதாவது ஒட்டிய பலகையின் விளிம்பு வடிவத்தை அடுத்த பலகைக்காக அளந்து எடுக்கும் வேலைக்கு, என்ன தமிழ்ச்சொல் வைக்கலாம் என்ற மடல்களை மூன்று நாளாகப் படித்துவருகிறேன். நேற்று ராத்திரி என் ‘எண்டவர்’ மாதிரிக் கப்பலின் முகப்பில் நான்காவது பலகையை ஒட்டினேன். இழுக்காமல் கொள்ளாமல் தானாக வந்து உட்கார்ந்தது. அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் எழுதுகிறேன்.

> மெல்லிய மரப்பலகையை வளைத்துக் கப்பல்மேல் ஒட்டத்தானே இதைச் செய்கிறோம்? ‘வளைவெட்டு’ என்று வைத்துவிடலாம். எல்லாருக்கும் புரியும்.

புரியும் அண்ணாச்சி, ஆனால் தப்பாகப் புரியும். மரம் வளைய மறுக்கிற திசையில் அதை வளைக்கும் வேலை நமக்கு வரக்கூடாது என்றுதான் ஸ்பைலிங்கே செய்கிறோம். ‘வளை’ என்று பெயரிலேயே வைத்துவிட்டால், புதிதாக வருகிறவர் நான் செய்த தப்பையே செய்வார்.

கேப்டன் குக் 1768இல் ஏறிப் போன எண்டவர், போருக்கென்று கட்டிய கப்பல் கிடையாது. இங்கிலாந்தின் விட்பி ஊரில் நிலக்கரி ஏற்றுவதற்காகக் கட்டி, 1764இல் நீரில் இறக்கினார்கள். சரக்கு நிறையக் கொள்ள வேண்டும் என்பதால் அடிப்பாகம் தட்டை. முகப்பு கூராக இல்லாமல் குடம் மாதிரி உருண்டிருக்கும். சிட்னியில் கடல்சார் அருங்காட்சியகத்தின் துறையில் அதன் முழு அளவு நகல் நிற்கிறது. பார்த்தவர்களுக்கு அந்த உருட்டு கண்ணிலேயே நிற்கும். மாதிரி கட்டுகிறவரைச் சோதிப்பதும் அதே உருட்டுதான்.

என் மாதிரி அறுபதில் ஒரு பங்கு அளவு. பாகங்களோடு வாங்கிய பெட்டியில் வந்தவை 5 மி.மீ. அகலமுள்ள நேரான மரப்பட்டைகள். உடலின் நடுவில் ஏராவிலிருந்து (கப்பலின் அடிமரத்திலிருந்து) மேல்வரம்புப் பலகை வரை நூல் பிடித்தால் 110 மி.மீ. வருகிறது, முகப்பில் 66 தான். நடுவில் 22 பட்டை தேவை. அந்த 22உம் முகப்புக்குப் போகும்போது 3 மி.மீ.க்கு ஒடுங்க வேண்டும். ஒடுக்கிச் சீவினேன். ஆனால் ஒடுக்கிய பட்டையும் உருட்டின்மேல் நாம் நினைத்த வழியில் போகாது, தன் போக்கில் மேலே ஏறும். வெந்நீரில் ஊறவைத்து, கீழே இழுத்து, குண்டூசி குத்தி ஒட்டினேன். காய்ந்த பிறகு பார்த்தால், ஒரு விளிம்பு ஒட்டியிருக்க மறு விளிம்பு மீன் செதிள் மாதிரி எழும்பி நிற்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். ஒன்றரை மி.மீ. பட்டை தாளாக மெலிந்து ஓர் இடத்தில் ஓட்டையே விழுந்தது. ஆறு பட்டைகளை ஈரத்துணி போட்டு ஊறவைத்துப் பெயர்த்தெடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போனது.

சட்டைக் காலரை நினைத்துப் பாருங்கள். நேர்த்துணியைக் கழுத்தைச் சுற்றிப் பிடித்தால் அது உட்காராது. தையல்காரர் துணியை இழுத்து வளைக்கிறாரா? தட்டையாகக் கிடக்கும்போதே பிறைபோல வெட்டிவிடுகிறார். ஸ்பைலிங் அதேதான். கழுத்துக்குப் பதில் கப்பல் முகப்பு, துணிக்குப் பதில் அகலமான மரத்தகடு.

எப்படிச் செய்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சொல் அந்தக் கைவேலையிலிருந்துதான் எனக்கு வந்தது. ஏற்கெனவே ஒட்டிய பலகைக்குப் பக்கத்தில், அடுத்த பலகை வரவேண்டிய இடத்தில் ஓர் அட்டைத் துண்டை வைக்கிறேன். இதில் ஒரே விதி: அட்டை தானாகப் படிய வேண்டும். பக்கவாட்டில் இம்மி இழுத்தாலும் அளவு பொய்யாகிவிடும். பிறகு கவராயத்தை ஓர் அளவில் இறுக்கி, ஒரு காலை ஒட்டிய பலகையின் விளிம்பில் ஓடவிட்டால், பென்சில் கால் அந்த விளிம்பின் போக்கை அட்டையில் வரைந்துகொண்டே வரும். சிலர் கவராயம் இல்லாமல், அகலமான ஒட்டும் நாடாவை இடைவெளிமேல் ஒட்டி, கீழே தெரியும் விளிம்பைப் பேனாவால் வரைந்து, உரித்து அட்டையில் ஒட்டிக்கொள்கிறார்கள். எந்த வழியானாலும் அட்டையை எடுத்து மேசையில் போடும்போது ஓர் ஆச்சரியம் இருக்கிறது. கப்பல்மேல் நேராகத் தெரிந்த கோடு தட்டையில் அரிவாளாக வளைந்து கிடக்கும். முதல் தடவை கோணலாக வரைந்துவிட்டேன் என்று நினைத்து அட்டையைத் தூக்கிப் போட்டேன். அதை நம்பி வெட்டிய பலகைதான் ஊசியே இல்லாமல் உட்கார்ந்தது.

ஆக, இங்கே நடப்பது இரண்டு: ஒரு விளிம்பைத் தொடுவது, தொட்ட வடிவத்தை எடுத்துக்கொள்வது. இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்ல நம்மிடம் ‘ஒற்று’ இருக்கிறது. கோயில் பூவைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம், எழுதிய மையை ஒற்றி எடுத்தோம், வீக்கத்துக்கு ஒற்றடம் கொடுக்கிறோம். விளிம்பும் ஒற்றலும் சேர்ந்து ‘விளிம்பொற்றல்’. இதுதான் என் பரிந்துரை.

> ஒற்று என்றால் வேவுகாரன், மெய்யெழுத்து என்று வேறு பொருள்கள் இருக்கின்றனவே. ‘பலகை வடிப்பு’ எளிமையாக இல்லையா?

அக்கா, முன்னால் ‘விளிம்பு’ வந்த பிறகு வேவுகாரன் யாருக்கும் நினைவுக்கு வரமாட்டார். ‘வடிப்பு’ நல்ல சொல்தான், ஆனால் அது பலகையைச் செதுக்கி முடிப்பதைச் சொல்கிறது. இங்கே நமக்குப் பெயர் வேண்டியது அதற்கு முந்தின படிக்கு, அளவு வாங்கும் படிக்கு. தவிர, பட்டறையில் ஒரு சொல் ஓட வேண்டும் என்றால் அது வினையாக வேண்டும். ‘மூன்றாவது பலகையை விளிம்பொற்றிவிட்டேன், நான்காவதற்கு விளிம்பொற்ற வேண்டும்’ என்று சொல்லிப் பார்த்தேன், நாக்கு எங்கும் தடுக்கவில்லை. ஒற்றி எடுக்கிற அட்டைக்கும் ‘ஒற்றட்டை’ என்று கூடவே ஒரு பெயர் கிடைத்துவிடுகிறது.

‘ஸ்பைலிங்’ என்றே விட்டுவிடலாம் என்றும் ஒருவர் எழுதியிருந்தார். கடன்சொல் என்பதற்காக அதை நான் தள்ளவில்லை. சுக்கான் அரபியிலிருந்து வந்தது, நங்கூரம் பாரசீகத்திலிருந்து வந்தது. இரண்டையும் நம் கடலோரம் எப்போதோ தன்னுடையதாக்கிக்கொண்டது. ஆனால் ஸ்பைலிங் என்று போனில் சொன்னால் கேட்பவர் காதில் ஸ்பெல்லிங் என்று விழுகிறது. எனக்கே இரண்டு முறை நடந்தது.

சொற்பட்டியலில் இன்னொன்றையும் திருத்த வேண்டும். பெட்டியில் வரும் ப்ளைவுட் குறுக்குவெட்டுத் துண்டுகளையும் நிஜக் கப்பலின் விலாச் சட்டங்களையும் ‘வங்கு’ என்று ஒன்றாகப் போட்டிருக்கிறோம். வங்கு சட்டம், இவையோ முழுத் தகடுகள். ‘குறுக்குத் தகடு’ என்று பிரித்துவிடுவோம்.

இவ்வளவு எழுதிய பிறகும் ஒரு தயக்கம் எனக்கு உண்டு. 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் வரை ஓடிப் போன ‘அன்னபூரணி’ பாய்க்கப்பலைக் கட்டியவர்கள் யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறை ஆட்கள். தூத்துக்குடியில் தோணி கட்டிய மேஸ்திரிகள் எத்தனை பேர்! ஒரு பலகையின் விளிம்பை அடுத்த பலகைக்கு வாங்காமல் அவர்களில் யாரும் வேலை செய்திருக்க முடியாது. வாங்கியிருந்தால் அதற்கு ஒரு வார்த்தையும் வைத்திருப்பார்கள். அண்ணாச்சி, நீங்கள் அந்தப் பக்கம்தானே இருக்கிறீர்கள். தோணி வேலை பார்த்த வயதானவர் யாராவது இருந்தால், ஒரு பலகையையும் கவராயத்தையும் கையில் கொடுத்து, “இதை நீங்க என்னன்னு சொல்லுவீங்க?” என்று மட்டும் கேளுங்கள். நம் சொல் எதையும் முன்னால் சொல்லிவிடாதீர்கள். அவர் ஒரு சொல் சொன்னால் பட்டியலில் அதையே எழுதுங்கள், விளிம்பொற்றலை அடித்துவிடலாம். அதுவரை அந்த இடத்தைப் பென்சிலால் நிரப்பி வைப்போம்.