கெப்புக்குள்ள தண்ணி எங்கால வருது?

குழு: ஏழாலை வீட்டுச் சொந்தங்கள்

வெள்ளிக்கிழமை

5.42 ராசன்: எல்லாருக்கும் காலை வணக்கம். ராத்திரி அடிச்ச மழையில திரும்பவும் எங்கட டபிள் கெப் பிக்கப் வாகனத்துக்குள்ள தண்ணி. முன்னால இடப்பக்கம் கால் வைக்கிற இடத்தில மிதிச்சால் சளக் சளக்கெண்டு வருது, பின் சீற்றுக்குக் கீழயும் ஈரம். மருதனார்மடம் சந்தைக்கு கத்தரிக்காய் ஏத்த வெளிக்கிட்டனான், கதவைத் திறந்த உடன பூஞ்சண மணம் முகத்தில அடிக்குது

5.50 வதனி அக்கா: போன கிழமையும் இதைத்தானே சொன்னனி. அம்மாவை கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போகேக்க உதுக்குள்ள ஏத்தாதை, அவவுக்கு முட்டு வருத்தம், போனமுறை வந்து இறங்கினதில இருந்து இரவு முழுக்க இழுத்தது, நான்தான் பக்கத்தில இருந்தனான்

5.53 ராசன்: ஓமக்கா தெரியும், அதுதான் எனக்கும் பெரிய கவலை

5.58 ராசன்: போன மாசம் கண்ணாடி ஒட்டுற கடை ஒண்டில குடுத்தனான், அவங்கள் பாத்தும் பாக்காமலும் முன் கண்ணாடிதான் எண்டு சொல்லி சுத்திவர சிலிக்கோன் அடிச்சு விட்டவங்கள். காசும் போச்சு ஒழுக்கும் நிக்கேல்லை. வித்துப்போட்டு வேற எடுப்பம் எண்டாலும் 2020 பங்குனியில வாகன இறக்குமதியை நிப்பாட்டி 2025இலதான் திரும்ப விட்டவங்கள், விட்ட பிறகும் வரியோட விலையைப் பாத்தால் கிட்டவும் போகேலாது. இதைத்தான் வடிவா வைச்சிருக்க வேணும்

6.20 பெரியமாமா: மருமோன், அந்தச் சிலிக்கோன் காயாத நேரம் வினாகிரி மாதிரி மணத்ததோ

6.21 ராசன்: ஓம் மாமா, ரெண்டு நாள் மணந்தது

6.29 பெரியமாமா: அப்ப அது அசிட்டிக் சிலிக்கோன். குளியலறைக்குச் சரி, வாகனத்தில அடிக்கிற சாமான் இல்லை. பெயின்ற் உரிஞ்ச தகரத்தில பட்டால் அந்த அசிட் துருவைக் கூப்பிட்டு விடும். விண்ட்ஸ்கிறீனுக்கு கறுப்பு பி.யு. (பொலியூரித்தேன்) சீலன்ற்தான். நான் டிப்போ வேர்க்சொப்பில இருந்த காலத்தில பஸ் பொடிக்கு எத்தினை தரம் இதுக்காகச் சண்டை பிடிச்சிருப்பன். அதை விடு. கண்டுபிடிக்காமல் இனி ஒரு இடத்திலயும் ஒண்டும் பூசாதை. பூசினால் உண்மையான ஓட்டையும் மறைஞ்சு போகும்

6.33 பெரியமாமா: இன்னொண்டு சொல்லு, மழை இல்லாத நாளில ஏசி போட்டு ஓடினால் ஈரம் வருதோ

6.40 ராசன்: இப்ப கேக்கத்தான் ஞாபகம் வருது மாமா. புரட்டாசி வெய்யிலுக்கையும் இடப்பக்கக் காலடி கொஞ்சம் ஈரமா இருந்தது, அம்மா தண்ணிப் போத்தலை ஊத்திப்போட்டா எண்டு நினைச்சு விட்டுட்டன்

6.42 அம்மா: நான் ஊத்தேல்லை எண்டு அண்டைக்கே சொன்னனான்

6.52 பெரியமாமா: அப்ப ஒரு ஒழுக்கு இல்லை, ரெண்டு மூண்டு இருக்கு. ஏசித் தண்ணி வெளியால போற சின்ன றப்பர் பைப் ஒண்டு இடப்பக்கம் என்ஜின் சுவருக்கால கீழ இறங்கும். அதில தூசி, குளவிக்கூடு அடைச்சால் தண்ணி திரும்பி உள்ளுக்கதான் வரும். ஏசி போட்டு நிப்பாட்டின வாகனத்துக்குக் கீழ நிலத்தில சொட்டுச் சொட்டா விழ வேணும், விழாட்டி அடைப்புத்தான்

7.05 லண்டன் சித்தப்பா: ராசன் இஞ்ச எங்கட வானுக்கும் இப்பிடித்தான் வந்தது, ஹீற்றர் கோர் (உள்ளுக்கச் சூடு தாற சின்ன றேடியேற்றர்) பழுது. தொட்டுப் பார், பிசுபிசுப்பா இனிப்பு மணமா இருந்தால் அது கூலன்ற் (என்ஜினைக் குளிராக்கிற தண்ணி), கண்ணாடியிலயும் எண்ணை மாதிரி புகார் படியும்

7.11 ராசன்: இல்லைச் சித்தப்பா, வெறும் தண்ணிதான், பிசுபிசுப்பு இல்லை. றேடியேற்றரிலயும் குறையேல்லை

7.14 லண்டன் சித்தப்பா: அப்ப நல்லது, பெரிய செலவில இருந்து தப்பினாய்

7.30 பெரியமாமா: நாளைக்குப் பின்னேரம் கஜனையும் கூட்டிக்கொண்டு வாறன். ஹோஸ் அடிச்சுப் பாப்பம். அதுக்கு முதல் உள்ளுக்க இருக்கிற காப்பெற்றைத் தூக்கி, ஈரத்தை எல்லாம் ஒத்தி எடுத்துப்போட்டு வை. நனைஞ்சு கிடக்கேக்க புதுத்தண்ணி எது பழந்தண்ணி எது எண்டு தெரியாது. சீற் கழட்டப் போறியெண்டால் முதல் பற்றறி நெகற்றிவ் வயரைக் கழட்டிக் கொஞ்ச நேரம் விடு, சீற்றுக்குக் கீழ மஞ்சள் கொனெக்டர் இருந்தால் அது எயர்பாக் வயர், இழுத்துக் கிழுத்துப் போடாதை

7.33 கஜன்: நான் வாறன் மச்சான், ரோச் லைற் நான் கொண்டு வாறன்

சனிக்கிழமை

2.10 ராசன்: [படம்] காப்பெற்றுக்குக் கீழ இருந்த பஞ்சைப் பாருங்கோ. மேல கை வைச்சால் காய்ஞ்ச மாதிரி இருந்தது, கீழ பிழிஞ்சால் அரை வாளி வந்தது. தகரத்தில துரு தொடங்கீட்டுது, வயர்க்கட்டு ஒண்டும் அதுக்குள்ளதான் ஊறிக் கிடந்தது

2.13 வதனி அக்கா: ஐயோ. இதுக்குள்ளயோ அம்மா இருந்து வந்தவ

2.15 பெரியமாமா: மேல காய விட்டால் காணும் எண்டு நினைக்கிறவைக்கு உதைக் காட்ட வேணும். வாறன்

3.05 கஜன்: வதனி மச்சாள், மோட்டர் போட்டு கிணத்துத் தண்ணி ஹோஸ் இழுத்தாச்சு. நான் உள்ளுக்க, அப்பா வெளியில. அப்பா வேகமா அடிக்க விடுறார் இல்லை, வாகனம் கழுவுற பிறஷர் மிசினும் வேண்டாமாம், மழை நுழையாத இடத்துக்குள்ளயும் அது தண்ணியைத் தள்ளிப்போடுமாம். மழை மாதிரி ஆறுதலா, ஒரு இடத்தில 5 நிமிசம்

3.08 கஜன்: கீழ இருந்துதான் தொடங்க வேணுமாம். மேல ஊத்தினால் எல்லா இடத்தையும் நனைச்சுக்கொண்டு இறங்கும், எந்த ஓட்டையால வந்தது எண்டு சொல்லேலாது

3.31 கஜன்: வைப்பருக்குக் கீழ கறுப்புச் சல்லடை இருக்கல்லோ, அதைக் கழட்டினால் உள்ளுக்க முழுக்க வேப்பமிலை, அழுகி எரு மாதிரி. தண்ணி வழியிற ஓட்டை ரெண்டும் அடைச்சுப் போய், தேங்கின தண்ணி ஃபான் காத்து இழுக்கிற வாய்க்கால இடப்பக்கக் காலடிக்குள்ள இறங்குது. கண்ணால கண்டன்

3.33 ராசன்: அந்தக் குப்பையைக் கையால அள்ளினனான், ஒரு கடகம் காணும். வேப்பமரத்துக்குக் கீழ நிழல் எண்டு விடுறது நான்தானே

3.36 பெரியமாமா: மரத்தை வெட்ட வேண்டாம். ரெண்டு கிழமைக்கு ஒருக்கா சல்லடையைத் தூக்கித் துப்பரவாக்கு. ஏசிப் பைப்பும் கீழ இருந்து மெல்லமா ஊத சேறு கொட்டுண்டு இப்ப சொட்டுது. கம்பி விட்டுக் குத்தாதை, உள்ளுக்க ஓட்டை விழும்

4.02 கஜன்: முன்னுக்கு முடிஞ்சுது. பின் கண்ணாடியைச் சுத்தி 10 நிமிசம் அடிச்சும் உள்ளுக்க ஒரு துளி இல்லை. பின் சீற்றுக்குப் பின்னால பிள்ளைக்குப் பூசுற பவுடர் தூவி வைச்சிருக்கிறம், தண்ணி ஓடினால் கோடு விழும் எண்டு

4.19 கஜன்: கண்டாச்சு!!!

4.20 கஜன்: மேல மூண்டாவது பிறேக் லைற். அப்பா அதில ஹோஸ் பிடிச்சு 3 நிமிசம் ஆகேல்லை, கூரைத் துணிக்குப் பின்னால லைற் வயரைப் பிடிச்சுக்கொண்டு முத்து முத்தா இறங்கி, பின் சுவரால போய் சீற்றுக்குக் கீழ. பவுடரில நேர் கோடு

4.24 வதனி அக்கா: அங்க மேல விழுற தண்ணி முன்னால காலடிக்கும் வருமோ

4.31 பெரியமாமா: வரும் பிள்ளை. இவன் வாகனம் விடுற முத்தம் ரோட்டுப் பக்கம் சரிவு. மூக்குக் கீழ இருந்தால் பின்னால விழுறது காப்பெற்றுக்குக் கீழால முன்னுக்கு ஓடித் தேங்கும். ஈரம் நிக்கிற இடம் வேற, தண்ணி நுழையிற இடம் வேற. அந்தக் கடைக்காரர் முன்னுக்கு ஈரத்தைக் கண்டு முன் கண்ணாடியைப் பூசினது இதாலதான்

4.40 ராசன்: லைற்றைக் கழட்டினம். உள்ளுக்க தண்ணி போகாமல் அடைக்கிற ஸ்பொஞ்ச் கஸ்கெற் ஊறின பாண் மாதிரி கையில பிய்யுது. வெய்யிலில கிடந்து சப்பையாப் போட்டுது. பல்ப் ஹோல்டரும் துரு, அந்த லைற் இடைக்கிடை பத்தாமல் விட்டதுக்கும் காரணம் இதுதான்

4.44 லண்டன் சித்தப்பா: சுத்திவர சீலன்ற் அடிச்சு விடன் கெதியா

4.50 பெரியமாமா: வேண்டாம். பல்ப் மாத்த வேணும் எண்டால் பிறகு லைற்றை உடைச்சுத்தான் எடுக்க வேணும். முதல் மேலால நல்ல ரேப் ஒட்டிப்போட்டு திரும்ப ஹோஸ் அடிக்கிறம், உள்ளுக்க வராட்டித்தான் இதுதான் எண்டு நிச்சயம்

5.06 கஜன்: ரேப் ஒட்டி 15 நிமிசம் அடிச்சாச்சு. உள்ளுக்கை காய்ஞ்சு கிடக்கு. நிச்சயம்

5.15 பெரியமாமா: திங்கள் யாழ்ப்பாணம் ஸ்டான்லி வீதிக் கடையளுக்குப் போய் கஸ்கெற் கேள். லைற்றோட சேத்துத்தான் வரும் எண்டால் மூடின துளை உள்ள ஸ்பொஞ்ச் தகடு வாங்கி அளவுக்கு வெட்டலாம், தண்ணி உறிஞ்சிற மெத்தை ஸ்பொஞ்ச் வாங்கிப்போடாதை. ஸ்குறூவை நாலு பக்கமும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமா இறுக்கு, ஒரேயடியா இறுக்கினால் பிளாஸ்ரிக் வெடிக்கும்

5.18 ராசன்: சரி மாமா. வினாகிரிச் சிலிக்கோனையும் வழிச்சு எடுத்துப்போட்டுத் துருவைப் பாக்கிறன்

5.22 பெரியமாமா: பிளாஸ்ரிக் சுரண்டியால எடு, இரும்பால கீறினால் இன்னும் துருப்பிடிக்கும். துரு கண்ட இடத்தைத் தேய்ச்சு பிறைமர் அடிச்ச பிறகுதான் சீலன்ற். இஞ்ச கடற்காத்து வேற, தகரம் வெறுமையா ஒரு கிழமை கிடந்தாலே காணும்

செவ்வாய்க்கிழமை

6.10 ராசன்: கஸ்கெற் கிடைச்சுது, நேற்று பின்னேரம் போட்டன். இரவு நல்ல மழை. படுக்கப் போகேக்க வாகனத்துக்குள்ள எல்லா இடமும் பழைய பேப்பர் விரிச்சு விட்டனான். விடிய எழும்பி ஓடிப்போய்ப் பாத்தால் முன்னுக்கு இடப்பக்கம் பேப்பர் மொறுமொறு எண்டு இருக்கு, பின் சீற்றுக்குக் கீழயும் அப்பிடித்தான். என்னால நம்பேலாமல் ரெண்டு தரம் தடவிப் பாத்தன்

6.14 கஜன்: அப்பா இஞ்ச ரீ குடிச்சுக்கொண்டு சிரிக்கிறார் மச்சான்

6.16 ராசன்: ஆனா பின் இடப்பக்கக் கதவடியில பேப்பர் ஒரு உள்ளங்கை அளவு நனைஞ்சிருக்கு மாமா

6.30 பெரியமாமா: அந்தக் கதவில ஸ்பீக்கர் மாத்தினனி எண்டு நினைக்கிறன்

6.31 ராசன்: ஓம், போன வருசம்

6.38 பெரியமாமா: கதவுக்குள்ள தண்ணி போறது பிழை இல்லை. கண்ணாடி றப்பரால உள்ளுக்க இறங்கி அடியில இருக்கிற துளையால வெளியேறத்தான் கதவைக் கட்டியிருக்கு. உள்பலகைக்குப் பின்னால ஒரு பொலித்தீன் தாள் ஒட்டியிருக்கும், அதுதான் தண்ணியைக் கதவுக்குள்ளயே வைச்சிருக்கிறது. ஸ்பீக்கர் போட்டவர் அதைக் கிழிச்சிருப்பார் இல்லாட்டித் திருப்பி ஒட்டாமல் விட்டிருப்பார். பலகையைக் கழட்டு, அடித்துளையைக் குச்சியால சுத்தம் பண்ணு, தடிச்ச பொலித்தீன் வெட்டி சுத்திவர ஒட்டு

6.42 ராசன்: ஞாயிறு கழட்டிறன். பஞ்சு இன்னும் முழுசாக் காயேல்லை, இந்த மாரியில வெய்யிலை நம்பேலாது, அடுப்படியில கயிறு கட்டித் தொங்கவிட்டு ஃபான் பிடிக்கிறன். அதுமட்டும் காப்பெற் இல்லாமல்தான் ஓடுவன்

6.45 வதனி அக்கா: பஞ்சு மணம் போகாட்டிப் புதுசு போடு, காசு நான் தாறன். அம்மாவுக்கு வியாழன் கிளினிக், அண்டைக்கு ஓட்டோ பிடிக்கிறன்

6.58 அம்மா: ஓட்டோ வேண்டாம். காப்பெற் இல்லாட்டி என்ன, நான் செருப்போடதானே ஏறுறன். மணம் இல்லை எண்டு ராசன் சொன்னால் அதிலயே போவம்

7.02 ராசன்: அம்மா முதல் நான் ரெண்டு நாள் கண்ணாடி பூட்டி வைச்சுத் திறந்து பாக்கிறன். புதன் இரவு சொல்லுறன்