நாமினேஷன் பேப்பரில் கிட்டத்தட்ட பாதிக் கையெழுத்து செல்லவில்லை (மாசசூசெட்ஸ், ஸ்கூல் கமிட்டி) – என்ன செய்யலாம்?

ஏரிக்கரை:
வணக்கம். பாஸ்டனுக்கு மேற்கே ஒரு டவுனில் இருக்கிறோம். ஏப்ரலில் நடக்கும் டவுன் தேர்தலில் என் மனைவி ஸ்கூல் கமிட்டிக்கு (டவுன் பள்ளிகளை நிர்வகிக்கும் குழு) நிற்கிறார். கட்சிச் சீட்டெல்லாம் கிடையாது, டவுன் வாக்காளர்கள் 50 பேர் நாமினேஷன் பேப்பரில் கையெழுத்துப் போட்டால் பெயர் வாக்குச்சீட்டில் வந்துவிடும். பொங்கல் விழாவிலும் ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசலிலும் நின்று 62 வாங்கிக் கொடுத்தோம். கையெழுத்துகளைச் சரிபார்க்கும் டவுன் கிளார்க் ஆபீஸிலிருந்து திரும்பி வந்த தாளில் 34 வரிக்குத்தான் டிக். மற்ற வரிகளின் ஓரத்தில் ‘என்’, ‘டபிள்யூ’, ‘எஸ்’ என்று ஒற்றை எழுத்தாகப் போட்டிருக்கிறார்கள். போட்டவர்கள் எல்லாருமே எங்களுக்கு நன்றாகத் தெரிந்தவர்கள், அத்தனை பேரும் சிட்டிசன். கடைசி நாள் அடுத்த வாரம். இந்தத் தாளையே திருத்திக் கொடுக்கலாமா, அல்லது முதலிலிருந்து 50 வாங்க வேண்டுமா? யாராவது செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கிளிப்போர்டு மாமா:
முதலிலிருந்து வேண்டாம் தம்பி. டிக் விழுந்த 34 உங்கள் கணக்கில் அப்படியே நிற்கும், இன்னும் 16 தான் பாக்கி. புதுத் தாளில் வாங்கிக் கொடுங்கள். பழைய தாளில் எதையும் அடிக்கவோ மேலே எழுதவோ வேண்டாம். அந்தத் தாளின் கீழேயே அச்சடித்திருப்பார்கள் பாருங்கள், முறைகேடாகக் கையெழுத்துப் போட்டாலும் தாளைத் திருத்தினாலும் 1,000 டாலர் வரை அபராதம் அல்லது ஓராண்டு வரை சிறை என்று.

அந்த எழுத்துகளின் விவரம் இது. ‘டபிள்யூ’ என்றால் ஆள் வேறு ஊர் வாக்காளர். பொங்கல் விழாவில் வாங்கினால் இது வரத்தான் செய்யும், அங்கே ஆக்டன், வெஸ்ட்ஃபோர்ட், ஷ்ரூஸ்பரி எல்லா ஊர்க்காரர்களும் இருப்பார்கள், எல்லையைத் தாண்டி நியூ ஹாம்ப்ஷயர் நாஷுவாவிலிருந்தும் வந்திருப்பார்கள், பாசத்தில் போட்டுவிட்டுப் போவார்கள். அதை ஒன்றும் செய்ய முடியாது, விட்டுவிடுங்கள். ‘என்’ என்றால் அந்தப் பெயரில் அந்த முகவரியில் வாக்காளர் இல்லை. சிட்டிசனாக இருந்தால் மட்டும் போதாது, உங்கள் டவுனில் வாக்காளராகப் பதிந்திருக்க வேண்டும். ‘எஸ்’ என்றால் கையெழுத்தையோ முகவரியையோ வைத்து ஆள் யாரென்று அவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை.

நாளைக்கே கிளார்க்கிடம் போய் வாக்காளர் பட்டியல் ஒன்று கேளுங்கள், வேட்பாளருக்குக் கொடுப்பார்கள். தெருவாரியாக இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு, பெயர் இருக்கிற வீட்டுக் கதவை மட்டும் தட்டுங்கள். விழாவில் மூன்று மணி நேரம் நிற்பதைவிட இரண்டு தெரு நடப்பது மேல்.

நாணல்:
மாமா சொன்ன ‘என்’னில் பாதி நம் ஆட்களின் பெயர்த் தகராறாகத்தான் இருக்கும். ஊர் வழக்கப்படி ‘கா. முருகன்’ என்று போடுவார், பட்டியலில் முருகன் காளியப்பன் என்று இருக்கும், தேடுகிறவர் முருகன்தான் குடும்பப் பெயர் என்று நினைத்து ‘மு’ வரிசையில் தேடிக் களைத்துப் போவார். சட்டப்படி பட்டியலில் உள்ள பெயரையோ கிட்டத்தட்ட அதே போலவோ போட்டால் போதும், நடுப்பெயரின் இனிஷியல் விட்டுப்போனதற்காகத் தள்ள மாட்டார்கள். ஆனால் நம் இனிஷியல் அவர்கள் கணக்கில் நடுப்பெயரே இல்லையே, அதுதான் சிக்கல்.

இன்னொன்று, வீடு மாறியவர்கள். அதே டவுனுக்குள் காண்டோவிலிருந்து தனி வீட்டுக்குப் போயிருப்பார்கள், வாக்காளர் பதிவில் பழைய முகவரியே இருக்கும். தாளில் கேட்பது இப்போது பதிவாகியிருக்கும் முகவரி. புது வீட்டு நம்பரை எழுதினால் ‘என்’ விழும். எங்கள் தெருவில் ஒரே குடும்பத்தில் நான்கு கையெழுத்து இப்படிப் போனது.

அப்புறம், தமிழில் கையெழுத்துப் போடும் பெரியவர்கள் யாராவது இருந்தார்களா?

ஏரிக்கரை:
இருந்தார்கள் நாணல், மூன்று பேர். மூன்றுக்கும் ‘எஸ்’ தான்! அவர்களிடமே மறுபடி வாங்கலாமா? ஒருவருக்குக் கை நடுக்கம், அவருக்குப் பதில் மகன் போடலாமா? இன்னொரு சந்தேகம், என் மச்சான் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறான், கையெழுத்து வாங்க அவனை அனுப்பலாமா?

கிளிப்போர்டு மாமா:
மறுபடி வாங்கலாம், முதல் முறை போட்டது கணக்கில் சேரவில்லையே. புதுத் தாளில் ஆங்கிலத்தில், பட்டியலில் இருக்கிற பெயரை முழுசாக, படிக்கிற மாதிரி எழுதச் சொல்லுங்கள். பேங்க் செக்கில் போடுகிற சுழி இங்கே எடுபடாது. கொடுக்கும்போது கிளார்க்கிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், ஒரே ஆள் இரண்டு தாளில் இருக்கிறாரே என்று குழம்ப வேண்டாம்.

கை நடுங்குகிற பெரியவரால் உடல்நிலை காரணமாக எழுத முடியாவிட்டால், அவர் முன்னிலையில், அவர் சொல்லி இன்னொருவர் போடலாம். அது ஒன்றுதான் விதிவிலக்கு. வீட்டுக்காரர் வெளியூர் போயிருக்கிறார், அவருக்கும் சேர்த்து நானே போட்டுவிடுகிறேன் என்று அம்மணிகள் பேனாவை நீட்டினால் சிரித்துக்கொண்டே பேனாவை வாங்கிவிடுங்கள்.

மச்சான் போகலாம். இந்த மாநிலத்தில் கையெழுத்து வாங்குகிறவர் வாக்காளராக இருக்க வேண்டியதில்லை, சம்பளமில்லாமல் உதவி செய்வதில் தவறில்லை. ஆனால் அவர் பணம் மட்டும் தரக் கூடாது. கிரீன் கார்டு இல்லாத வெளிநாட்டவர் எந்தத் தேர்தலுக்கும் நன்கொடை தரக் கூடாது என்பது ஃபெடரல் சட்டம், டவுன் தேர்தலும் அதில் அடக்கம். ஊரிலிருந்து வந்திருக்கிற மாமனார் ஆசையாக 100 டாலர் நீட்டினாலும் வேண்டாம்.

வைகை வடகரை:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். எங்கள் ஊரில் 2022 நகர்ப்புறத் தேர்தலில் பேரூராட்சி வார்டுக்கு 1,000 ரூபாய் டெபாசிட் கட்டி, ஒரு முன்மொழிபவரை வைத்து வேலையை முடித்தோம். அங்கே டெபாசிட் பேச்சே காணோம், ஆனால் 50 பேர் பின்னால் ஓட வேண்டுமா? பணமே தேவலை போலிருக்கிறது.

நாணல்:
வைகை, எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. 50 வீட்டுப் படியேறினால் பள்ளிக்கூட பட்ஜெட்டைப் பற்றி யார் கடுப்பில் இருக்கிறார் என்று தேர்தலுக்கு முன்பே தெரிந்துவிடும்.

ஏரிக்கரை, வீடுவீடாகப் போக நேரமில்லை என்றால் சனிக்கிழமை காலை டவுன் குப்பைக் கிடங்குக்குப் போங்கள். சிரிக்காதீர்கள், உங்கள் ஊரில் குப்பையை அவரவரே கொண்டுபோய்க் கொட்டும் வழக்கம் இருந்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது. ஸ்டிக்கர் ஒட்டிய உள்ளூர் வண்டிதான் உள்ளே வரும், ‘டபிள்யூ’ பயம் குறைவு. மளிகைக் கடை வாசலும் உண்டு. மால்களில் கையெழுத்து வாங்கலாம் என்று மாநில உச்ச நீதிமன்றம் 1983-லும், சூப்பர்மார்க்கெட் வாசலுக்கும் அந்த உரிமை உண்டு என்று 2014-லும் சொல்லியிருக்கிறது. கடைக்காரர் நியாயமான கட்டுப்பாடு போடலாம், அதனால் மேனேஜரிடம் முதலில் பேசிவிடுங்கள். ஆனால் அங்கே பக்கத்து ஊர்க்காரர்களும் வருவார்கள், “எந்த ஊர்?” என்று கேட்டுவிட்டுத்தான் கிளிப்போர்டை நீட்ட வேண்டும்.

பிப்ரவரிக் குளிரில் பால்பாயின்ட் எழுதாது. இரண்டு மூன்று பேனாவைக் கோட்டின் உள்பையில் வைத்து மாற்றி மாற்றிக் கொடுங்கள். பாதி எழுதி நின்றுபோன கையெழுத்தின் மேலேயே இன்னொரு தடவை இழுப்பார்கள், அப்புறம் அதுவும் ‘எஸ்’ ஆகும்.

ஏரிக்கரை:
ரொம்ப நன்றி. அப்படியானால் 16 வாங்கினால் போதும் இல்லையா? கடைசி நாள் மாலை 5 மணி வரை டைம் இருக்கிறது.

கிளிப்போர்டு மாமா:
16 வேண்டும் என்றால் 30 வாங்குங்கள். தேவையானதற்கு மேல் ஐந்தில் இரண்டு பங்குவரை அவர்கள் சரிபார்த்துத் தர வேண்டும், அதாவது 50-க்கு 70 வரை. அந்த இடத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். சரியாக 50-ல் நின்று, யாராவது ஆட்சேபம் கிளப்பி ஒன்று விழுந்தாலும் போச்சு.

கடைசி நாள் மாலைக்கு வைக்கவே வைக்காதீர்கள். தேர்தலுக்கு 49 நாள் முன்பு மாலை 5 மணிக்குள் சரிபார்ப்புக்குக் கொடுக்க வேண்டும், 5:01 என்றால் யார் நினைத்தாலும் வாங்க முடியாது. கிடைத்த அன்றே ஒவ்வொரு தாளாகக் கொண்டுபோய்க் கொடுங்கள், எத்தனை தேறியது என்று கேட்டுக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போங்கள். வெற்றுத் தாளும் இன்றைக்கே வாங்கி வையுங்கள். அதற்குத் தனிக் கெடு, சரிபார்ப்புக் கெடுவுக்கு 48 மணி நேரம் முன்னாலேயே முடிந்துவிடும், அந்த 48-ல் வார நாள் மட்டும்தான் சேர்த்தி. திங்கள் மாலை கெடு என்றால் சனி ஞாயிறு கணக்கில் வராது, வியாழன் மாலையோடு தாள் கிடைக்காது.

ஆமாம், வேட்பாளர் சம்மதம் என்று தாளில் ஒரு இடம் இருக்குமே, அதில் உங்கள் மனைவி கையெழுத்துப் போட்டாரா?

ஏரிக்கரை:
ஐயோ, இருங்கள், பார்த்துவிட்டு வருகிறேன்.

ஏரிக்கரை:
முதல் தாளில் போட்டிருக்கிறார், இரண்டாவதில் இல்லை.

கிளிப்போர்டு மாமா:
சரி, காலையில் அவரையே கூட்டிக்கொண்டு கிளார்க் ஆபீஸ் போங்கள். எந்தத் தாளில் வேண்டும் என்று கேட்டு, கவுண்டரிலேயே போட்டுவிடலாம். புதுத் தாள்களில் முதல் வேலையாக அதைப் போட்டுவிட்டுத் தெருவில் இறங்குங்கள்.